வெண்பொடியின் பெயர்

நுழையும்முன்

செடியில் படிந்திருக்கும் வெண்பொடி எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். அதற்குள் இருக்கும் உயிர் எது என்று அறிவதற்கு முன்பே கைகள் மருந்துத் தெளிப்பானை எடுத்துவிடுகின்றன. ஒரு சிறு பூச்சியின் பெயரைச் சரியாக அறிந்ததால் விளைந்த நன்மையையும், தவறாக அறிந்ததால் நேர்ந்த இழப்பையும் ஓசூர்ப் பகுதியின் மல்பெரித் தோட்டம் ஒன்றிலிருந்து தொடங்கிப் பேசுகிறது இக்கட்டுரை.

எல்லையோரத் தோட்டம்

ஓசூரில் பொழுது புலரும் முன்பே ஆலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் முறைப் பணிக்குச் செல்வோர் சாலையோரங்களில் காத்து நிற்கின்றனர். சரக்குந்துகள் ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரு நோக்கி விரைகின்றன. அந்த நெடுஞ்சாலையை விட்டு விலகிக் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகளில் சிறிது தொலைவு சென்றால் காட்சி மாறிவிடுகிறது. கேழ்வரகு வயல்கள், தக்காளித் தோட்டங்கள், ரோஜா வளரும் பசுமைக்குடில்கள், இடையிடையே வரிசையாக நிற்கும் மல்பெரிச் செடிகள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நிலத்தின் மிதமான தட்பவெப்பம் ரோஜாவுக்கும் மல்பெரிக்கும் உகந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இவ்வூர்களில் பட்டுப்புழு வளர்ப்பு பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரம். மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமும் ஓசூரிலேயே இயங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகள் அங்குப் பேணப்படுகின்றன.

இத்தகைய தோட்டம் ஒன்றில், இலை பறிக்க வந்த பெண்மணி ஒருவர் திடீரென நின்றுவிடுகிறார். நான்கைந்து செடிகளின் நுனிக்கொழுந்துகளில் மாவைத் தூவியதுபோல் வெண்பொடி படிந்திருக்கிறது. அடித்தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்குகின்றன. அடுத்த தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்.

“கள்ளிப்பூச்சி இறங்கிவிட்டது அக்கா. இன்றைக்கே மருந்து அடித்துவிடுங்கள்.”

அவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால், அந்தப் பெண்மணியின் புழு வளர்ப்பு மனையில் பட்டுப்புழுக்கள் ஐந்தாம் பருவத்தை எட்டியிருக்கின்றன. பட்டுப்புழு தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உண்பது இப்பருவத்தில்தான். மல்பெரி இலையன்றி வேறெதையும் அது உண்ணாது. இன்று தெளிக்கும் பூச்சிக்கொல்லியின் நஞ்சு பல நாள்களுக்கு இலையில் தங்கியிருக்கும். அந்த இலையை உண்டால் பூச்சியோடு புழுவும் மடியும். தெளிக்காமல் விட்டாலோ, வந்திருப்பது வேகமாகப் பரவும் இனமாயின் தோட்டமே வாடிவிடும். மூன்று வார உழைப்பும் கூடு விற்று அடைக்க வேண்டிய கடனும் அந்த வெண்பொடிக்குள் அடங்கியிருக்கின்றன.

அவர் உடனே விடை சொல்லவில்லை. வந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

ஓட்டுக்குள் ஓர் உயிர்

மாவுப்பூச்சி, செதில்பூச்சி என்று அழைக்கப்படுபவை ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் இவற்றில் ஏறத்தாழ 8,000 இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பூச்சி என்றதும் மனத்தில் எழும் இறகும் காலும் கொண்ட உருவம் இவற்றுக்குப் பொருந்தாது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி மிகச் சிறியது. அது ஊர்ந்து செல்லும், காற்றில் மிதக்கும், எறும்பின் மீதும் மனிதரின் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். தகுந்த இடம் கிடைத்ததும் ஊசிபோன்ற வாயைச் செடிக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சத் தொடங்கும். செதில்பூச்சிகளில் பல இனங்களின் பெண்பூச்சிகள் அதன்பின் இடம்பெயர்வதில்லை. ஓட்டுச் செதில்பூச்சியின் பெண் தன் கால்களையும் இழந்து, ஓட்டுக்குள்ளேயே வாழ்ந்து முட்டையிட்டு மடிகிறது. ஆண்பூச்சிக்கு இறகு முளைக்கும். ஆனால் உண்பதற்கு வாய் இராது. துணையைத் தேடுவதற்கு மட்டுமே அதற்குக் குறுகிய வாழ்நாள் வாய்க்கிறது.

அசையாமல் கிடப்பதால் இவற்றைப் பட்டையின் தழும்பு என்றோ, தண்ணீர் காய்ந்த உப்புக் கறை என்றோ, பூசணம் என்றோ கருதிவிடுவது எளிது. ஐயம் எழும்போது நகத்தால் அல்லது ஊசிமுனையால் மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும். செடியின் பகுதியாயின் பெயராது, பெயர்த்தால் செடியில் காயம் தோன்றும். செதில்பூச்சியாயின் தனியே பெயர்ந்து வரும். மேலோடு மட்டும் மூடிபோல் கழன்று, அடியில் மென்மையான உடல் தனியே தெரிந்தால் அது ஓட்டுச் செதில்பூச்சி. ரோஜாத் தண்டுகளில் கருஞ்சிவப்புப் பொருக்குபோல் படிவது இவ்வகையே. ஓடும் உடலும் பிரியாமல் ஒன்றாக வந்தால் அது மென்செதில்பூச்சி. உடலெங்கும் வெண்மெழுகு பூசி, கால்களோடு மெல்ல நகர்ந்தால் அது மாவுப்பூச்சி.

செடியும் சில குறிப்புகளைத் தருகிறது. மென்செதில்பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய இனிப்பை நீராக வெளியேற்றுகின்றன. அந்த இனிப்பு நீர் கீழுள்ள இலைகளில் விழுந்து பிசுபிசுப்பாகப் பளபளக்கும். அதை நாடி எறும்புகள் வரும், பின்னர் அதன்மீது கரும்பூசணம் படரும். ஓட்டுச் செதில்பூச்சிகள் இவ்வாறு இனிப்பு நீரைச் சுரப்பதில்லை. ஆகவே, இலை கறுத்திருந்தால் அந்த இலையை மட்டும் துடைத்துப் பயனில்லை. தலையை நிமிர்த்தி மேலுள்ள கிளையைப் பார்க்க வேண்டும்.

இரு நிறங்கள்

மல்பெரியில் அடிக்கடி காணப்படும் மாவுப்பூச்சிகள் இரண்டு. ஒன்று நெடுங்காலமாக இங்கு அறியப்பட்ட இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. இது தாக்கினால் கணுவிடைகள் குறுகி, நுனி இலைகள் கரும்பச்சையாகிச் சுருண்டு ஒன்றோடொன்று நெருங்கிவிடும். பட்டு வளர்ப்போர் இதை ‘டுக்ரா’ நோய் என்பர். மற்றொன்று பப்பாளி மாவுப்பூச்சி. இது நுனியோடு நின்றுவிடாமல் இலையின் அடிப்புறத்திலும் தண்டிலும் பஞ்சுபோல் அடர்ந்து, இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கும். வெளியே இரண்டும் வெண்மைதான். நசுக்கிப் பார்த்தால் முன்னதன் உடல்நீர் சிவப்பாகவும், பின்னதன் உடல்நீர் மஞ்சளாகவும் இருக்கும்.

தோட்டத்தில் இவ்வளவு அறிவது முதற்படி. ஆய்வகத்தில் இன்னும் ஒரு படி உண்டு. பெண்பூச்சியைக் காரக் கரைசலில் இட்டு உள்ளுறுப்புகளைக் கரைத்து, எஞ்சிய தோலுக்கு நிறமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்ப்பர். உணர்கொம்பின் கணுக்கள், மெழுகு சுரக்கும் நுண்துளைகள், குழாய்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் இருப்பிடமும் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மயிரிழை அளவுகூட இல்லாத துளை ஒன்றின் இருப்பிடத்தால் இலட்சக்கணக்கான உழவர்களின் பயிர் காப்பாற்றப்படக்கூடும் என்பதற்குத் தமிழகமே சான்று.

பெயர் கொண்டுவந்த தீர்வு

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளிச் செடிகளில் புதிய மாவுப்பூச்சி ஒன்று காணப்பட்டது. விரைவில் அது மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்திரி, செம்பருத்தி எனப் பல செடிகளுக்குத் தாவியது. சாலையோரப் பார்த்தீனியம்கூட அதற்குப் புகலிடம் தந்தது. தமிழ்நாட்டில் தொடங்கிய அதன் பரவல் கர்நாடகத்தின் மல்பெரித் தோட்டங்களையும் எட்டியது. உழவர்கள் மீண்டும் மீண்டும் பூச்சிக்கொல்லி தெளித்தனர். மெழுகுப் போர்வை பூச்சியைக் காத்தது. அதை உண்ணும் இயற்கை எதிரிகளே நஞ்சால் மடிந்தன. சில நாள்களில் வெண்பொடி முன்னிலும் அடர்ந்து படிந்தது.

நுண்ணோக்கி அதன் பெயரைக் கூறியபோது வழி திறந்தது. 1992-இல் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியே அது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். தாயகத்தில் அது பெருந்தொல்லையாக இருந்ததில்லை. அங்கு அதை அடக்கி வைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் இருந்தன. இங்கு வந்து சேர்ந்தது பூச்சி மட்டுமே, குளவிகள் வரவில்லை. 2010-இல் பெங்களூருவில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சியியல் நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் துணையுடன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்தி ஆராய்ந்த பின்னர், அவை பெருக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மத்தியப் பட்டு வாரியம் முதலியன அவற்றைத் தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தன. அவற்றுள் சிறப்பாகப் பணியாற்றிய ‘அசெரோஃபேகஸ் பப்பாயே’ என்னும் குளவி ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. அது இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே உண்டு வளரும். சில மாதங்களில் பூச்சியின் ஆதிக்கம் தளர்ந்தது. குளவிகள் தாமே பெருகிப் பரவின.

அந்தக் குளவி எல்லா மாவுப்பூச்சிகளையும் தேடிச் செல்வதில்லை. அது நாடும் இனம் எது என்று அறியாதிருந்தால், எந்த நாட்டில் எந்த உயிரைத் தேடுவது என்பதே தெரிந்திருக்காது.

பெயர் பிழைத்தால்

பெயர் பிழைத்ததால் காலம் இழந்த கதையும் உண்டு. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளித் தோட்டங்களை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. மரவள்ளி அங்குக் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு. பயிரின் தாயகமான தென்னமெரிக்காவில் பூச்சியின் எதிரிகளைத் தேடினர். அக்கண்டத்தின் வடபகுதியில் ஒத்த தோற்றமுடைய மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றும் பயனில்லை. பின்னர்தான் உண்மை புலப்பட்டது. தென்னமெரிக்காவில் கிடைத்த பூச்சியில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்கப் பூச்சியிலோ பெண்கள் மட்டுமே, ஆணின்றியே அவை இனம் பெருக்கின. இரண்டும் வெவ்வேறு இனங்கள். 1981-இல் பராகுவே நாட்டில் சரியான இனம் கண்டறியப்பட்டது. அங்கிருந்து பெறப்பட்ட ‘அனகைரஸ் லோபெசி’ என்னும் குளவி ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மரவள்ளியை மீட்டது. அப்பணியை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். அதே பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டுத் தமிழகத்துக்கும் பரவியபோது, தேடித் திரிய வேண்டிய தேவை எழவில்லை. பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்தின் ஏத்தாப்பூரில் விடுவிக்கப்பட்டது.

இன்னும் பழைய பிழை ஒன்று நம் மண்ணிலேயே நிகழ்ந்தது. மாவுப்பூச்சிக்கு உழவர் வழங்கும் ‘கள்ளிப்பூச்சி’ என்னும் பெயர், அக்கதையை நினைவூட்டக்கூடியது. சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற செதில்பூச்சியிலிருந்து உயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும். காய்ந்த பூச்சி ஒரு கிலோ சேர்வதற்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவை தேவை. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து ஸ்பெயின் நடத்திய அவ்வணிகத்தில் பங்குபெற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. சென்னையில் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். மல்பெரியையும் பட்டுப்புழுவையும் இப்பகுதியில் பரப்ப முயன்றவரும் அவரே. 1795-இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசிலிலிருந்து கொச்சினீல் எனக் கருதிய பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அது சாயத்துக்குரிய இனமன்று. அதன் உறவான காட்டினம். கிடைத்த சாயமோ மட்டமானது, வளர்த்த கள்ளியும் பூச்சிக்கு இரையாகி அழிந்தது.

ஆனால், அந்த அழிவைக் கூர்ந்து நோக்கியவர்கள் வேறொரு பயனைக் கண்டனர். புதராக மண்டி நிலத்தை அடைத்த கள்ளியை ஒழிக்க அப்பூச்சி உதவும். 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் அது தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஒருவகைக் கள்ளியை வெற்றிகரமாக அழித்தது. களையை அழிக்கப் பூச்சியைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய முதல் வெற்றியாக உலக அறிவியல் இதனைக் குறிப்பிடுகிறது. அப்போதும் மற்றொரு வகைக் கள்ளியை அது தீண்டவில்லை. அதற்குரிய வேறு கொச்சினீல் இனம் 1926-இல் இலங்கையிலிருந்து வந்த பிறகே அக்கள்ளியும் அடங்கியது.

நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொன்ன வள்ளுவர், மனித உடலை எண்ணி அதைச் சொல்லியிருக்கலாம். செடிக்கும் அது பொருந்துகிறது.

பகைவனைப் போன்ற நண்பன்

பெயரறியாமல் செய்யும் பிழை பகைவனைத் தப்பவிடுவதோடு நிற்பதில்லை, நண்பனையும் கொல்கிறது. ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு மாவுப்பூச்சிகளை உண்டு வாழ்வது. 1898-இல் காப்பித் தோட்டப் பூச்சியை அடக்க அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழுவும் உடலெங்கும் வெண்மெழுகு இழைகளைத் தாங்கி, பெரிய மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். உழவர் முதலில் நசுக்குவது பெரும்பாலும் அதைத்தான். மாவுப்பூச்சி மெல்ல நகரும், பொறிவண்டின் புழுவோ சுறுசுறுப்பாக ஊர்ந்து திரியும். சற்று நேரம் பொறுத்துப் பார்ப்பவருக்கு வேறுபாடு விளங்கும்.

இறந்த பூச்சியும் ஏமாற்றும். மடிந்த பின்னும் செதில்பூச்சியின் ஓடு செடியிலேயே ஒட்டியிருக்கும். அதைக் கண்டு மீண்டும் மருந்து தெளிப்பவர் உண்டு. நசுக்கினால் நீர் கசிந்தால் உயிருடையது, உலர்ந்த பொடியாக உதிர்ந்தால் இறந்தது. ஓட்டில் ஊசியால் துளைத்ததுபோல் வட்டத் துளை தெரிந்தால், உள்ளிருந்து குளவி வெளியேறியிருக்கிறது என்று பொருள். அத்துளையைக் கண்ட உழவர் தெளிப்பானைக் கீழே வைத்துவிடலாம்.

தெரிந்து தெளிவோம்

செதில்பூச்சிகள் அனைத்தும் தீமை தருவன அல்ல. அரக்கு என்பது ஒருவகைச் செதில்பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். மகாபாரதம் கூறும் அரக்கு மாளிகை நாம் அறிந்ததே. மரப்பொருள்களுக்கு மெருகேற்றவும் முத்திரையிடவும் மாத்திரைகளுக்கு மேற்பூச்சிடவும் அரக்கு பயன்படுகிறது.

அன்றைய இலை

எல்லையோரத் தோட்டத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கிறது. பெண்மணி வாடிய நுனி ஒன்றைக் கிள்ளி எடுக்கிறார். சுருண்ட இலையைப் பிரித்து, உள்ளிருக்கும் பூச்சியை நகத்தால் அழுத்துகிறார். விரலில் சிவப்பு படிகிறது. அடர்கரும்பச்சையாய் நெருங்கிய கொழுந்தும், குறுகிய கணுக்களும், சிவந்த விரலும் ஒரே பெயரைச் சொல்கின்றன. மஞ்சளாக இருந்திருந்தால் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரை அழைத்துக் குளவி கேட்டிருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் கைவில்லையுடன் அருகில் வந்து குனிகிறாள்.

“அம்மா, இது ஒன்று மட்டும் வேகமாக ஓடுகிறது.”

“அதை விட்டுவிடு. அது நம்முடையது.”

பாதிக்கப்பட்ட நுனிகளை இருவரும் கத்தரிக்கின்றனர். ஓடித்திரிந்த புழு இருந்த கொழுந்தை மட்டும் கத்தரிக்காமல் செடியிலேயே விடுகின்றனர். மற்றவற்றைச் சோப்புக் கரைசல் நிறைந்த வாளியில் அமிழ்த்துகின்றனர். வெட்டியதைச் சாலையோரம் எறிந்தால் காற்றும் எறும்பும் கடந்துபோகும் வண்டியும் இளம்பூச்சிகளை அடுத்த தோட்டத்துக்கு, ஒருவேளை அடுத்த மாநிலத்துக்கே, கொண்டுசேர்த்துவிடும். எல்லைச் சாவடியில் அதைத் தடுத்து நிறுத்துவார் எவருமில்லை. வேலியோரம் நின்றவரும் இப்போது தம் தோட்டத்துக் கொழுந்து ஒன்றைக் கிள்ளி எடுத்து வந்து, மகளிடம் வில்லையைக் கேட்கிறார்.

தாக்கப்படாத வரிசைகளிலிருந்து பறித்த இலை மனைக்குள் போகிறது. பசித்திருந்த புழுக்கள் மேயத் தொடங்குகின்றன. ஓலைக்கூரையில் விழும் மெல்லிய தூறலைப் போன்ற ஒலி மனையை நிறைக்கிறது. இன்னும் சில நாள்களில் அவை சந்திரிகைத் தட்டுகளில் ஏறிக் கூடு கட்டும். அதுவரை நாள்தோறும் காலையில் ஒவ்வொரு வரிசையாகச் சென்று, இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.